தண்டோராவை எழுப்ப வேண்டாம்

எங்க காக்காமுள்ளூர் தண்ணி ஆபீஸுக்கு சர்வர்னு ஒரு கறுப்புப் பெட்டி வந்து, அதை மாட்டிவிட வந்த கம்பெனிக்காரன் சுவிட்சைத் தட்டுனானோ இல்லையோ, பெட்டிக்குள்ள இருந்து வேலைக்காரங்க ஒவ்வொருத்தரா இறங்கி, வாசப்படி தாண்டி, ஆபீஸ் முத்தத்துல வரிசையா வந்து நின்னாக, எதிர்த்தாப்புல டீக்கடை வச்சிருக்க நான், சீனியம்மா, அத்தனை தலையையும் ஒரு பார்வை பாத்துட்டு, "சீனி போட்டா, போடாமலா?"ன்னு கேட்டேன். வேற என்னத்தக் கேக்க? ஒரு மோட்டார் வாங்குனாலே கூட நாலு போல்ட்டும் நட்டும் வருது, இம்புட்டுப் பெரிய பெட்டி வாங்குனா ஆள் வராதா?

டீயும் வேண்டாம் காபியும் வேண்டாம்னுட்டாக. பெட்டி ஓடுனா முத்தத்துல நிப்பாக, பெட்டியை அணைச்சா உள்ள போய்ப் படுத்துக்கிடுவாக, அம்புட்டுதான் அவுக பாடு; கரண்டு போனாலும் பெட்டி பேட்டரியில ஓடும். ஊர் ஒரே வாரத்துல பழகிருச்சு. கோயில் வரி போடும்போது மட்டும் ஒரு சிக்கல் வந்து, இவுக ஒவ்வொருத்தரும் ஒரு தலைக்கட்டா, இல்லை எல்லாரும் சேந்து ஒரு தலைக்கட்டான்னு சாயங்காலம் பூரா வாக்குவாதம் நடந்து, கடைசியில 'பெட்டி ஒண்ணு, அடுப்பு ஒண்ணுகூட இல்லை, அதனால ஒரே தலைக்கட்டு'ன்னு தீர்ப்பாச்சு. நாவிதர் சுப்பையா மட்டும், இத்தனை பேரு குடிவந்தும் ஒருத்தனுக்கும் முடி வளரலையேன்னு கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு.

ஆளுக்கொரு பேரும் வச்சுட்டோம். சரியான நேரம் சொல்லுறவரு மணிக்காரர். யார் வந்தா, யார் போனான்னு எழுதிக்கிட்டே இருக்கவரு கணக்கப்பிள்ளை. வாசல்ல நின்னு முறைக்கிறவரு காவக்காரர். கக்கத்துல தாள்கட்டை வச்சுக்கிட்டு, இல்லாத பிரிண்டரைத் தேடி முத்தத்தைச் சுத்திச் சுத்தி வாறவரு தாள்காரர். யார் வந்து "நான் உங்க சொந்தக்காரன்"னாலும், எந்த வழியில சொந்தம்னு ஒரு வார்த்தை கேக்காம, வாங்க வாங்கன்னு உள்ள கூட்டிட்டுப் போறவரு சம்பந்தி. ஒரு பொம்பளையும் உண்டு. எதைச் சொன்னாலும் சொன்னவங்க காதுக்கும் கேட்டவங்க காதுக்கும் மட்டும் தெரியுற மாதிரி குசுகுசுன்னு ஓதுவா, பக்கத்துல போய் நின்னா வண்டு இரையுற சத்தந்தான் கேக்கும். அவளைக் காதோதின்னோம். பிடிக்காமத்தான் அப்படிச் சொன்னோம். பொம்பளைன்னா நாலு பேரு கேக்கப் பேச வேண்டாமா?

ஊருக்கே உயிரா இருந்தது தண்டோரா. ஆறடி உசரம், கோயில் மணி மாதிரி குரல். ஆபீஸுக்குள்ள அவருகிட்ட என்ன சொன்னாலும் முத்தத்துக்கு வந்து அப்படியே, ஒரு எழுத்து குறையாம, பஜாரு முழுக்கக் கேக்குற மாதிரி சொல்லிட்டுத்தான் போய் வேலையைச் செய்வாரு. எங்களுக்குத் தண்ணி வாரம் ஒருக்காதான். ஆத்துல இருந்து குழாய் வழியா சொட்டுச் சொட்டா வந்து மேல்தொட்டி நிறையும், வெள்ளிக்கிழமை தெருவுக்கு விடுவாக. அன்னைக்குக் காலையில தண்டோரா "தெரு வால்வைத் திற!"ன்னு கூவுனா, குளிச்சுக்கிட்டு இருக்கவளும் குடத்தைத் தூக்கிட்டு ஓடியாருவா. அந்தக் குரல் கேக்காட்டா எங்களுக்கு வெள்ளிக்கிழமையே கிடையாது.

கம்பெனிக்காரன் பெட்டிக்குள்ள இருந்த எல்லாரையும் எழுப்பிவிட்டுட்டு, இன்னாரு வேணும் இன்னாரு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லாம பஸ் ஏறிப் போயிட்டான். அவனுக்கு அப்புறம் பெட்டியைப் பாத்துக்கிட வந்தவதான் ஜெபக்கனி. நாசரேத் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் படிச்சவ, சாமான்னு சொன்னா ஒரு பை, ஒரு குடை. வந்த புதுசுலயே என் கடை வடையை, "அக்கா, இதுல உப்புக் கூட"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா. அன்னைக்கே எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு.

அவ வந்த நேரமோ என்னமோ, தொட்டி வத்த ஆரம்பிச்சுது. வியாழக்கிழமை பக்கத்து ஊர்ல சந்தை. காக்காமுள்ளூரே கதவைப் பூட்டிட்டுச் சந்தைக்குப் போயிரும், நானும் கடையைச் சாத்திட்டுப் போயிருவேன், அவளும் தொட்டி நிறைஞ்சிருச்சான்னு பாத்துட்டுச் சாமான் வாங்க வந்துருவா. திரும்பி வந்து பாத்தா, தொட்டி கழுவுற வால்வு ஆன்னு திறந்து கிடக்கும், ஒரு வாரத்துத் தண்ணி ஓடையில போயிருக்கும். வெள்ளி விடிஞ்சா லாரி பரமகுரு ஹாரன் அடிச்சுக்கிட்டு தண்ணி லாரியோட பஜாருக்குள்ள வந்துருவான். "என்ன மதினி, தண்ணி வரலையா? அடடா!"ன்னு அவன் உச்சுக்கொட்டுற அழகு இருக்கே, அந்த நாக்கை அப்படியே வறுத்து எடுக்கலாம்னு தோணும்.

பாஸ்வேர்டு இல்லாம வால்வு திறக்காது. பாஸ்வேர்டு ஜெபக்கனிக்கு மட்டுந்தான் தெரியும். அப்போ திறந்தது யாரு? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? லாரிக்காரன்கூட இவளுக்குக் கூட்டுன்னு பேச்சு ஆரம்பிச்சு, அவ தெருவுல நடந்தா "தண்ணிக்கள்ளி வாராடி"ன்னு முதுகுக்குப் பின்னால சொல்லி, பெறகு முகத்துக்கு முன்னாலயே சொன்னாக. தலைவர் அய்யலுச்சாமி அவளைக் கூப்பிட்டு, "வந்த பிள்ளையை விரட்டுறது பாவம். ஆனா இந்த மாசத்துக்குள்ள தண்ணி ஒழுங்கா நிக்கலைன்னா, போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் உன்னை அனுப்புவேன்"னுட்டாரு. அவ பாஸ்வேர்டை வாரத்துக்கு வாரம் மாத்துனா. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல எண்ணு, எண்ணுக்கு நடுவுல கொக்கி. எத்தனை கடுசா மாத்துனாலும் வியாழக்கிழமை வால்வு திறந்துரும். பிள்ளை பாதியா இளைச்சுட்டா.

ஒருநாள் காலையில கடையில உக்காந்து, டீயைக் குடிக்காம ஆடை படிய விட்டுக்கிட்டு இருந்தா. நான் வடை தட்டிக்கிட்டே பாட்டு முணுமுணுத்தேன். கிளாஸ் அவ கையில இருந்து நழுவி விழுந்து உடைஞ்சுது.

"அக்கா, இப்ப என்ன பாடுனீங்க?"

"பாட்டுதாம்ட்டி. பெரிய கே, சின்ன எம், ஏழு, கொக்கி, முப்பத்திரெண்டு... போன வாரத்தைவிட இந்த வாரம் ராகம் நல்லா அமைஞ்சிருக்கு."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியுமே. தண்டோரா தினமும் காலையில சொல்லுறதுதானே? இதை வச்சுத்தான் பிள்ளைக கயிறு தாண்டுதுக."

ஏசிக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கவளுக்கு முத்தத்துச் சத்தம் எங்க கேக்கப்போகுது? கையால தலையில அடிச்சுக்கிட்டா. "ஐயோ அக்கா! வேலைக்குள்ள நுழைய அவருகிட்டதான் நான் பாஸ்வேர்டு சொல்லணும். அவரு அதையும் சேத்து முத்தத்துல கூவிட்டு வாராரு. அவரு நிஜப் பேரு டெல்நெட், பெட்டிகிட்டப் பேசுறதுக்கு அந்தக் காலத்து வழி. பழைய ஆளு, நல்லவரு, ஆனா எதையும் மறைக்கத் தெரியாது. யாரும் திருடலை, நாமளேதான் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்."

நேரா தலைவருகிட்டப் போய்ச் சொன்னா. அவரு சிரிச்சாரு. "தண்டோரா எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. நேத்து வந்தவ நீ"ன்னாரு. அவ திரும்பி வந்து, யாரையும் கேக்காம, தண்டோராவைப் பாத்து "நீங்க உக்காருங்க"ன்னா. அவரு "நீங்க உக்காருங்க!"ன்னு பஜாருக்கே கூவிட்டு, உள்ள போய் உக்காந்துக்கிட்டாரு. புதுப் பாஸ்வேர்டைக் காதோதி காதுல சொன்னா. அந்த வியாழன் தொட்டி நின்னுது. வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் தண்ணி வந்துது. ஊர் சந்தோசப்பட்டுதுன்னா நினைக்கீங்க? "தண்ணி வந்துது சரி, தண்டோரா எங்க?"ன்னுதான் கேட்டாக. இழவு வீடு மாதிரி இருக்குதாம்.

அடுத்து அமாவாசை வந்துது. எங்க ஊர்ல அமாவாசைக்கு அமாவாசை லாரி, மில்லு, மாவு மெஷின் எல்லாத்தையும் நிப்பாட்டி, துடைச்சு, சந்தனம் வச்சு, பூசணிக்காய் உடைச்சு, நல்ல நேரம் பாத்து மறுபடி எழுப்புவோம். பெட்டிக்கும் அதே மரியாதைதான். நாதஸ்வரம் முழங்க அணைச்சு, கற்பூரம் காட்டி எழுப்புனாக. மணிக்காரர் வந்தாரு, கணக்கப்பிள்ளை வந்தாரு, காவக்காரர் வந்தாரு, அவுக பின்னாலேயே, தூங்கி எழுந்த முகத்தோட, தண்டோராவும் நடந்து வந்தாரு! ஊர் குலவை போட்டுது. பூசை முடிஞ்சா முதல் உத்தரவு தலைவர் குடுக்கணும்னு வழக்கம். அவரு அன்னைக்கு மட்டும் சொல்லுறதுக்காக வாங்கி வச்சிருந்த பாஸ்வேர்டை, காதோதியைத் தாண்டிப் போய், தண்டோராகிட்டதான் சொன்னாரு. அவகிட்டச் சொன்னா, தலைவர் சொன்னாருன்னு ஊருக்கு எப்படித் தெரியும்? ஜெபக்கனி "வேண்டாம் ஐயா!"ன்னு கத்துனது நாதஸ்வரத்துல அமுங்கிப் போச்சு. தண்டோரா கூவுனாரு. அன்னைக்குப் பாத்து வியாழக்கிழமை. பூசை முடிஞ்ச கையோட ஊர் சந்தைக்குப் போச்சு. ஜெபக்கனி பாஸ்வேர்டை மாத்தப் பெட்டி முன்னால உக்காரவும் கரண்டு போய் அவ திரை அணையவும் சரியா இருந்துது; கரண்டாபீஸுக்கு ஓடிட்டுத் திரும்பி வந்து பாத்தா, வால்வு திறந்து கிடக்குது, தொட்டியில குருவி குளிக்கத் தண்ணி இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில ஆபீஸ் முத்தத்துல ஊர்க்கூட்டம். பரமகுருவும் லாரியை நிழல்ல விட்டுட்டு, நல்லது பொல்லாததுக்கு வந்தவன் மாதிரி ஓரமா நின்னான். தலைவர், "இனிப் பேச ஒண்ணுமில்லை. சாவியைக் குடுத்துட்டுப் போம்மா"ன்னாரு. ஜெபக்கனி எந்திரிச்சா. அழுவான்னு நினைச்சேன். அழலை.

"போறேன் ஐயா. கள்ளிங்கிற பேரோட மட்டும் போக மாட்டேன். தப்பு என்னோடதுதான், அதையும் சொல்லிருதேன். தண்டோராவை நான் உக்காரத்தான் சொன்னேன். பெட்டி எழும்பும்போது முதல்ல ஒருத்தர் எழும்புவாரு. வெளியே வரவே மாட்டாரு, அதனால நீங்க பேரு வைக்கலை. உள்ள ஒவ்வொரு கதவாத் தட்டி மத்தவங்களை எழுப்புறதுதான் அவரு வேலை. தண்டோராவை எழுப்பாதீங்கன்னு அவருகிட்ட நான் சொல்லலை. மத்த ஊர்ல பெட்டியை வருசக்கணக்கா அணைக்க மாட்டாங்க. நீங்க பஞ்சாங்கம் பாத்து அணைக்கீங்க. அது என் புத்தியில உறைக்கலை. இப்பவே, உங்க எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டு, பெட்டியை அணைச்சு எழுப்புறேன். அடுத்த வியாழன் தொட்டி வத்துனா நானே போலீஸுக்குப் போயிருதேன்."

"இப்பவா? ராகுகாலம்மா!" தலைவர் பதறிப் போனாரு.

எனக்கு எங்க இருந்துதான் அம்புட்டு ஆத்திரம் வந்துதோ, கரண்டியோட கூட்டத்துக்குள்ள பாஞ்சிட்டேன். "நல்ல நேரம் பாத்து எழுப்பித்தானவே நேத்து நாறிப் போச்சு! நல்ல நேரம் குடத்தை நிறைச்சுதா? தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறது இந்தப் பிள்ளையா, நாமளா? தண்ணி வந்துருச்சுன்னு சொல்ல ஒரு ஓட்டைவாய் வேணும், அம்புட்டுதானே? என் வாய் இருக்கு! நான் கத்துதேன், வெள்ளிக்கு வெள்ளி. எனக்குப் பாஸ்வேர்டு தெரியாது, அதனால அதை மட்டும் சொல்ல மாட்டேன்!" முதல்ல பொம்பளைகதான் சிரிச்சாக. பெறகு ஒருத்தி "அணைங்க பெட்டியை"ன்னா. அப்புறம் எல்லாருமே "அணைங்க, அணைங்க"ன்னாக. பொம்பளைக அத்தனை பேரு ஒரே குரல்ல சொன்னா ராகு என்ன, கேது என்ன.

ஜெபக்கனி முத்தத்துல நின்னவங்களை ஒவ்வொருத்தரா கூட்டத்துக்கு முன்னால நிறுத்துனா. "இவரு என்ன வேலை செய்யுறாரு? யாருக்கு வேணும்?" இது ரெண்டுதான் கேள்வி. மணிக்காரர் வேணும், நேரம் தப்புனா எல்லாம் தப்பும். கணக்கப்பிள்ளை வேணும். காவக்காரர் வேணுமான்னு கேக்கவே வேண்டாம். தாள்காரரைப் பாத்து, "எங்கய்யா உன் பிரிண்டர்?"ன்னு ஒருத்தரு கேக்க, அவரு முழிச்ச முழியில கூட்டமே குலுங்கிச் சிரிச்சுது, அவரை எழுப்ப வேண்டாம்னு ஆச்சு. இன்னும் நாலஞ்சு பேரு, என்னத்துக்கு வந்தோம்னு அவுகளுக்கே தெரியலை, அவுகளையும் வேண்டாம்னாச்சு. சம்பந்தி வந்து கும்பிட்டாரு. ஜெபக்கனி ஓரமா நின்ன பரமகுருவைக் கைகாட்டி, "இவரு யாரு உங்களுக்கு?"ன்னா. "சொந்தக்காரர்! எத்தனை வாட்டி வந்திருக்காக!"ன்னாரு சம்பந்தி, வாயெல்லாம் பல்லா. கூட்டம் மெல்லத் திரும்பி லாரிக்காரனைப் பாத்துது. "ஆளு கூறுகெட்டவரு, எல்லாரையும் சொந்தம்பாரு"ன்னு சொல்லிச் சமாளிச்சுட்டு, லாரியை எடுத்துக்கிட்டு நழுவிட்டான் அவன். இவன்தான்னு எங்களுக்கும் முழுசா நம்பிக்கை வரலை. மெய்யாவே எல்லாரையுந்தான் சம்பந்தி சொந்தம்னு சொல்லுவாரு. அப்படிப்பட்டவரையும் எழுப்ப வேண்டாம்னு ஆச்சு.

கடைசியா தண்டோரா வந்து நின்னாரு. ஜெபக்கனி கையெடுத்துக் கும்பிட்டா. "ஐயா, நீங்க கெட்டவரு இல்லை. காலந்தான் கெட்டது. இனிமே தண்டோராவை எழுப்ப வேண்டாம்"னா. அவரு எப்பவும் போல நெஞ்சை நிமித்தி, பஜாரு அதிர, "இனிமே தண்டோராவை எழுப்ப வேண்டாம்!"னு ஊருக்கே அறிவிச்சுட்டு, அவராவே உள்ள நடந்தாரு. பொம்பளைக முந்தானையால மூக்கைத் துடைச்சாக. தலைவர்கூட மேல்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாரு.

ஜெபக்கனி உள்ள போய் உக்காந்து விரலை ஓட்டுனா. பெட்டிக்குள்ள இருந்து செங்கல் வைக்கிற சத்தமும் சாந்துக் கரண்டி உரசுற சத்தமும் வெளிய நின்ன எங்களுக்கெல்லாம் கேட்டுது. "கதவைச் சாத்துனா யாராவது தட்டி எழுப்பிருவாங்க அக்கா. அதான் கதவு இருந்த இடத்துல சுவரே எழுப்பச் சொல்லிட்டேன்"னா. பெறகு, உச்சி ராகுகாலத்துல, பூசணிக்காய் இல்லாம, கற்பூரம் இல்லாம, பெட்டியை அணைச்சு எழுப்புனா. மணிக்காரர் வந்தாரு. கணக்கப்பிள்ளை வந்தாரு. காவக்காரர் வந்தாரு. காதோதி வந்தா. அப்புறம் யாரும் வரலை. காத்திருந்தோம், வாசப்படியில வெயில்தான் கிடந்துது, யாருமே வரலை.

அடுத்த வியாழக்கிழமை நாங்க சந்தைக்குப் போனோம். போன மாதிரி போயி, ஊர் எல்லையில பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க்கரை வழியா திரும்பி வந்து, ஆளாளுக்கு வீட்டுக் கதவுக்குப் பின்னால நின்னோம். காக்காமுள்ளூர் சரித்திரத்துலேயே இத்தனை பொம்பளைக இத்தனை நேரம் வாயைத் திறக்காம இருந்தது அன்னைக்குத்தான். மத்தியானம் பரமகுரு வந்தான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மாமனார் வீட்டுக்கு வந்தவன் மாதிரி முத்தத்துக்குள்ள நடந்தான். போன தடவை உக்காரவச்ச தண்டோரா எந்திரிச்சு வந்த மாதிரி, இந்தத் தடவையும் எல்லாரும் வந்திருப்பாகன்னு அவனுக்கு நினைப்பு. "சம்பந்தி!"ன்னான். பதில் இல்லை. "அண்ணாச்சி, தண்டோரா அண்ணாச்சி!"ன்னான். அதுக்கும் பதில் இல்லை. காவக்காரர் வாசல்ல நின்னு முறைச்சாரு. காதோதி ஒரு பார்வை பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. மனுசனுக்குப் பதட்டம் ஏறிப் போச்சு. தண்டோராவுக்குக் காது கேக்கலை போலன்னு நினைச்சானோ என்னமோ, குரலை ஒசத்துனான். "பெரிய பி! சின்ன ஆர்! கொக்கி! நாப்பத்தேழு! கழுவுற வால்வைத் திற!" பெறகு இன்னும் ஒசத்தி. அதுக்கு முந்தி தண்டோரா கூவுன பாஸ்வேர்டு, அதுக்கும் முந்தினது, கே, எம், ஏழு, கொக்கின்னு தனக்குத் தெரிஞ்ச அத்தனையையும், கழுத்து நரம்பு புடைக்க, வெறும் பஜாரைப் பாத்து அவனே கூவுனான்.

முதல் கதவு தலைவர் வீட்டுக் கதவு. அப்புறம் என் கடைக் கதவு. அப்புறம் தெரு பூராக் கதவு. யாரும் கை ஓங்கலை; சும்மா வந்து சுத்தி நின்னோம், அம்புட்டுதான். அவன் வாய் பாதிப் பாஸ்வேர்டுல திறந்தபடியே நின்னு போச்சு. "மீதியையும் சொல்லிருங்க தம்பி, பிள்ளைக கயிறு தாண்டணும்"னேன். ஊர் சிரிச்ச சிரிப்புல ஆபீஸ் வேம்புல இருந்த காக்காயெல்லாம் பறந்துது. கணக்கப்பிள்ளை நிதானமா எல்லாத்தையும் எழுதி, நேரம் போட்டு, தலைவர் கையில குடுத்தாரு. அந்தத் தாளோட தலைவரே அவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொட்டி தளும்பத் தளும்ப நின்னுது. ஜெபக்கனி காதோதி காதுல என்னமோ சொன்னா, வண்டு இரைஞ்சுது, தெருக் குழாயெல்லாம் இருமிச்சு. நான் கடை வாசல்ல நின்னு, இடுப்புல கை வச்சு, "தண்ணி வந்துருச்சே...ய்!"னு விட்டேன் பாருங்க ஒரு குரல், பக்கத்து ஊர்ல இருந்துகூட நாலு பேரு குடத்தோட வந்துட்டதாப் பேச்சு. பஜார்க் குழாயில வரிசை. அந்த வரிசைக்காக எங்க ஊர்ல மண்டை உடைஞ்சிருக்கு, சம்பந்தம் முறிஞ்சிருக்கு, அக்கா தங்கச்சி பேசாம இருந்திருக்காக. ஜெபக்கனி ஒரு பிளாஸ்டிக் குடத்தோட வந்து கடைசியில நின்னா. முன்னால நின்னவ திரும்பிப் பாத்துட்டு, அவ குடத்தை வாங்கி முன்னால குடுத்தா. அதுக்கு முன்னால நின்னவ வாங்கி அதுக்கும் முன்னால. குடம் கை மாறிக் கை மாறிப் போய்க் குழாயடியில உக்காந்துது.

"நான் வரிசையிலயே வாரேன் அக்கா"ன்னா அவ.

"போடி போ. ஊருக்கு முதல் குடம் உன் குடந்தான்"னு பிடிச்சுத் தள்ளிவிட்டேன்.

போய்க் குழாயைத் திறந்தா. தண்ணி விழுந்த சத்தத்துலதான் பிள்ளைக்கு அழுகை வந்துது; அத்தனை நாள் அடக்கி வச்சிருந்த அழுகை, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதா. குடம் நிறைஞ்சுது. வழிஞ்சுது. வழிஞ்சு, காலை நனைச்சு, தெருவுல ஓடிச்சு. ஒரு சொட்டு சிந்துனா ஏழு தலைமுறையை இழுத்து வையுற ஊரு எங்க ஊரு. குடம் நிறைஞ்சிருச்சு, எடுன்னு அன்னைக்கு ஒருத்தியும் சொல்லலை.